டோஸ்ட்டுக்கு மூன்று நாற்காலிகள்

ஓஸ்வால்ட்: வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா சொல்றேன் கோவிந்தா. இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் இருந்தாலும், அதோ அந்த அண்டால தம்ல இருக்குற மட்டன் பிரியாணில ஒரு பருக்கை எனக்குக் கிடைக்காமப் போகட்டும்.

கோவிந்தன்: சத்தியமெல்லாம் அப்புறம் பண்ணலாம்ணா. ஹாலுக்குள்ள கல்யாணக் கேக்கைக் கொண்டுவந்து வச்சுட்டாங்க. கேக் முடிஞ்சா டோஸ்ட்டு. டோஸ்ட்டுன்னா நான்.

ஓஸ்வால்ட்: உக்காரு.

கோவிந்தன்: உக்கார முடியல.

ஓஸ்வால்ட்: நின்னுக்கிட்டிருந்தா இங்கிலீஷ் தலைக்கு ஏறாது. கால் வழியா இறங்கி ஓடிடும். உக்காருப்பா.

கோவிந்தன்: உக்காந்துட்டேன். போதுமா? இந்த டை வேற கழுத்தைப் புடிக்குது... அண்ணா, எனக்கு ஒரு யோசனை. பின்னாடி கேட்டு திறந்துதான் இருக்கு. என் ஸ்கூட்டர் அங்கதான் நிக்குது. நான் சும்னே, சும்மாதான், ஒரு ரவுண்டு அல்சூர் ஏரி வரைக்கும்...

ஓஸ்வால்ட்: ஓடிடலாம்னு பாக்குற.

கோவிந்தன்: ஓட இல்ல. போயிட்டு... மெதுவா வரலாம்னு.

ஓஸ்வால்ட்: டோஸ்ட்டு ரெய்ஸ் பண்றேன்னு நீதானே ஒத்துக்கிட்ட?

கோவிந்தன்: எங்க பக்கமெல்லாம் கல்யாணத்துல யாருண்ணா மைக்குல பேசறாங்க? தாலி கட்டுனா மேளம் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கல்யாணப் பொண்ணு டீனாவே வந்து, "மாமா, பொண்ணு பக்கத்து டோஸ்ட்டு நீங்கதான் ரெய்ஸ் பண்ணணும்"னா. கிளாஸைத் தூக்கிப் புடிக்கணும், அவ்வளவுதான்னு நினைச்சு சரின்னுட்டேன். வீட்டுல வச்சு ரெண்டு வாட்டி தூக்கிக்கூடப் பாத்தேன்.

ஓஸ்வால்ட்: தூக்கறதுக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்திப் பேசணும்.

கோவிந்தன்: அதை இன்னைக்குக் காலைல மாதா கோயில் வாசல்லதான் சொன்னா! அதுவும் இங்கிலீஷ்ல பேசுனாத்தான் கூட்டத்துக்குப் புரியும்!

ஓஸ்வால்ட்: தமிழ்ல பேசிட்டுப் போயேன். யாரு தடுத்தா?

கோவிந்தன்: டீனாவும் அதான் சொன்னா. ஆனா மாப்பிள்ளை ஷெர்வின் வீடு மங்களூர்ணா. ரெண்டு பஸ் நிறைய ஆளு. கொங்கணி, இங்கிலீஷ், ரெண்டே ரெண்டு. நான் தமிழ்ல பேசுனா மேஜைத்துணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா இருக்காரே, க்ளென்னு...

ஓஸ்வால்ட்: வெள்ளை கோட்டு.

கோவிந்தன்: அவரேதான். "யூ ஆர் த அங்கிள்?"னாரு. ஆமான்னு தலையாட்டுனேன். முதுகுல தட்டி, "கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ரெண்டு பக்கத்துக்கும் நானே பேசிடறேன்"னு இங்கிலீஷ்ல சொல்லிச் சிரிச்சாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அவரு பேசிட்டா... டீனாவுக்கு யாருமே இல்லைன்னு ஆயிடும்ல? அப்பன் இல்லாத பொண்ணு. அவ அம்மா ஆஞ்சலாம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்களும் கிடையாது. மாடில அவங்க, கீழ நான். ஜோகுபாளையத்துல இத்தனை வருஷமா அதுதான் சொந்தம்.

ஓஸ்வால்ட்: அப்ப ஓட முடியாது.

கோவிந்தன்: முடியாது... நீங்களே பேசிடுங்களேண்ணா! நீங்களும் பொண்ணு பக்கம்தானே? இந்தக் கண்டோன்மெண்ட்ல உங்களை மாதிரி டோஸ்ட்டு சொன்ன ஆளே கிடையாதுன்னு நீங்களே சொன்னீங்க.

ஓஸ்வால்ட்: நானேதான் சொன்னேன்.

கோவிந்தன்: அப்புறம் என்ன?

ஓஸ்வால்ட்: எனக்குத் தடை இருக்குப்பா. கடைசியா நான் ரெய்ஸ் பண்ணப்ப, பேச்சுல உருகி மாப்பிள்ளைப் பக்கமும் பொண்ணு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிச்சு. அந்த இடத்துலயே இன்னும் ஏழு கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. அதுல ஒண்ணு கேட்டரிங்காரனுக்கும் பொண்ணோட அத்தைக்கும். மூணு வருஷத்துக்கு ஹால் கிடைக்கல யாருக்கும். கமிட்டிக்காரங்க வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "ஓஸ்வால்ட், இனிமே வேணாம்."

கோவிந்தன்: நிஜமாவா?

ஓஸ்வால்ட்: பிரியாணி மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.

கோவிந்தன்: அந்த ஸ்பூனைக் கொஞ்சம் கீழ வைங்கண்ணா. டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கீங்க.

ஓஸ்வால்ட்: நான் தட்டல. கை தட்டுது. சரி, இந்த மூணு சேரைப் பாரு. வரிசையா போட்டிருக்கேனா? இதுதான் இங்கிலீஷ்.

கோவிந்தன்: பிளாஸ்டிக் சேரு.

ஓஸ்வால்ட்: முதல் சேர்ல, யாரு செஞ்சாங்களோ அவங்க. நடுச்சேர்ல, செஞ்ச வேலை. மூணாவது சேர்ல, யாருக்குச் செஞ்சாங்களோ அவங்க. எப்ப, எங்க, எதுக்குன்னு மிச்ச கும்பலெல்லாம் பின்னாடி பெஞ்சு. முடிஞ்சுது. வெள்ளைக்காரன் இதை வச்சுத்தான் பாதி உலகத்தை மேய்ச்சான்.

கோவிந்தன்: தமிழ்லயும் இதேதானே?

ஓஸ்வால்ட்: தமிழ்ல எவன் எங்க வேணா உக்காரலாம்பா. ஒவ்வொருத்தன் சட்டையிலயும் பேட்ஜ் குத்தியிருக்கு, டீனா'வை'ல அந்த 'வை' மாதிரி. 'நான் டீனாவைப் பாத்துக்கிட்டேன்', 'டீனாவை நான் பாத்துக்கிட்டேன்', எப்படிப் போட்டாலும் பாத்துக்கிட்டவன் நீதான். வேலை மட்டும் கடைசில வந்து கதவுகிட்ட நிக்கும், வாட்ச்மேன் மாதிரி. இங்கிலீஷ்ல பேட்ஜ் கிடையாது. உக்காந்த சேரை வச்சுத்தான் ஆளு யாருன்னு தெரியும். சேரு மாறுனா கதை மாறிடும்.

கோவிந்தன்: மாறுனா என்ன ஆயிடும்? கல்யாணமா நின்னுடும்?

ஓஸ்வால்ட்: ஃப்ரேசர் டவுன்ல ஒண்ணு நடந்துச்சு. மாப்பிள்ளையைச் சின்ன வயசுல ஒரு எருமை முட்டி ஏரியில தள்ளிடுச்சாம். அதை டோஸ்ட்டுல சொல்லணும்னு அவங்க சித்தப்பாவுக்கு ஆசை. பதட்டத்துல சேரை மாத்திட்டாரு. பையன் முதல் சேரு, எருமை மூணாவது சேரு.

கோவிந்தன்: அப்படின்னா... பையன் எருமையைத் தள்ளிட்டான்.

ஓஸ்வால்ட்: பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் மாப்பிள்ளையோட கையை ஒரு பார்வை பாத்தாங்க. அதுகூடப் பரவால்ல. சாப்பாடு போடறதுக்குள்ள எருமைக்காரன் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு நியாயம் கேக்க வந்துட்டான்.

கோவிந்தன்: ஹாலுக்கா?

ஓஸ்வால்ட்: எருமையும் வந்துச்சு.

கோவிந்தன்: அது எதுக்கு?

ஓஸ்வால்ட்: சாட்சி சொல்ல.

கோவிந்தன்: அண்ணா, நான் இங்க உயிரு போற மாதிரி... யாரது, உங்க வீட்டம்மா மௌரீனக்காவா? அக்கா! கேக்கு ஆயிடுச்சா?

மௌரீன்: இன்னும் இல்லண்ணா. கத்தி எங்கயோ போயிடுச்சாம், தேடறாங்க. ஓஸி, வெயில்ல உக்கார வச்சு அவருக்கு என்ன சொல்லிக்குடுத்துக்கிட்டிருக்கீங்க?

ஓஸ்வால்ட்: வாக்கியம்.

மௌரீன்: நீங்களா?

ஓஸ்வால்ட்: நீ போய் அண்டா மூடியைத் திறந்துட்டாங்களான்னு பாரு.

மௌரீன்: டோஸ்ட்டு ஆகாம திறக்க மாட்டாங்க. ஓஸி, கோவிந்தன் அண்ணாகிட்ட நான் ஒரு விஷயம்...

ஓஸ்வால்ட்: எனக்குன்னு ஒரு ப்ளேட்டு எடுத்து ஓரமா வை மௌரீன். எலும்புத் துண்டா பாத்து. போ, போ.

மௌரீன்: என்னமோ பண்ணுங்க.

கோவிந்தன்: அக்கா என்னமோ சொல்ல வந்தாங்க.

ஓஸ்வால்ட்: அவளுக்கு சுகர். வெயில்ல நின்னா இப்படித்தான். நீ சொல்லு. டீனாவைப் பத்தி என்ன சொல்லணும்? மனசுல இருக்குறதை அப்படியே கொட்டு. தமிழ்லயே.

கோவிந்தன்: என்னன்னு சொல்றது... என் வீட்டுக்காரி போனதுக்கு அப்புறம், ஃபேக்டரி விட்டு வந்தா வீட்டுல லைட்டு போடக்கூட ஆள் இல்லாம, வர்ற வழியில திருப்பத்து பிராந்திக் கடையிலயே பாதி நாள் உக்காந்து, எப்பவோ வந்து படுத்துக்கிட்டிருந்த என்னை, தினம் சாயங்காலம் கேட்டுல நின்னு, டிஃபன் கேரியரைக் கையில இருந்து புடுங்கிக்கிட்டு, "ஏன் மாமா லேட்டு?"ன்னு அதட்டி, அந்தச் சின்ன வயசுலயே...

ஓஸ்வால்ட்: நிறுத்து நிறுத்து.

கோவிந்தன்: இன்னும் முடியல.

ஓஸ்வால்ட்: அதான் பயமா இருக்கு! யாரு என்ன பண்ணாங்கன்னு சொல்லவே இல்ல, அதுக்குள்ள திருப்பத்துக் கடை, லைட்டு, கேரியர்... கேக்கறவன் கிளாஸைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பான்யா. ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒருத்தர் இப்படித்தான், தமிழ்க் கணக்குல வேலையைக் கடைசிக்கு வச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாரு. ஜனமெல்லாம் கிளாஸைத் தூக்கிடுச்சு. வேலை வரவே இல்ல. ஐஸெல்லாம் உருகிப்போச்சு. ஒரு அம்மா வலியெடுத்து ஆஸ்பத்திரி போயி, குழந்தையோட திரும்பி வந்துட்டாங்க.

கோவிந்தன்: அதுவரைக்கும் பேசிக்கிட்டா இருந்தாரு?

ஓஸ்வால்ட்: முன் வரிசையில ரிட்டயர்டு கர்னல் ஒருத்தர். ஒழுங்கு தெரிஞ்ச மனுஷன். வேலை வராம கையை இறக்கமாட்டேன்னு நின்னாரு. நின்ன நிலையிலயே போயிட்டாரு. கை இறங்கவே இல்ல. பெட்டியில ஓட்டை போட்டுத்தான் புதைச்சாங்க. ஓசூர் ரோடு கல்லறைக்குப் போனா இன்னைக்கும் பாக்கலாம்... கிளாஸை மட்டும் கேட்டரிங்காரன் வாங்கிக்கிட்டான்.

கோவிந்தன்: அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஒண்ணே ஒண்ணு.

ஓஸ்வால்ட்: சேரைப் பாரு. முதல் சேர்ல யாரு?

கோவிந்தன்: நான்னு வச்சுக்குவோம்.

ஓஸ்வால்ட்: வை. நடுச்சேர்ல? என்ன பண்ண?

கோவிந்தன்: எல்லாரும் என்ன சொல்றாங்கன்னா, கோவிந்தன்தான் அந்தப் பொண்ணைப் பாத்துக்கிட்டாருன்னு. ஸ்கூலுக்கு ஸ்கூட்டர்ல விட்டது, மழையில போய்க் கூட்டிக்கிட்டு வந்தது... பாத்துக்கறதுக்கு இங்கிலீஷ்ல லுக் ஆஃப்டர்தானே?

ஓஸ்வால்ட்: லுக்டு. நடந்து முடிஞ்சது. மூணாவது சேர்ல டீனா. எங்க, நடுச்சேரைத் தட்டிச் சொல்லு... யோவ்! யோவ், கேட்டரிங்! அந்தச் சேரை எங்கய்யா தூக்கிக்கிட்டுப் போற?

கோவிந்தன்: உள்ள சேர் பத்தலையாம்ணா, விடுங்க...

ஓஸ்வால்ட்: அது வினைச்சொல்லுய்யா! வேற எதையாச்சும் எடு! அந்தப் பெஞ்சை எடுத்துக்கோ, அதுல 'எப்ப', 'எங்க' மட்டும்தான் இருக்கு!

கோவிந்தன்: போயிட்டான்.

ஓஸ்வால்ட்: பேஜாரு புடிச்சவன். சரி, அந்த வெங்காய மூட்டையை நடுவுல வச்சுக்கோ. சொல்லு.

கோவிந்தன்: ஐ... லுக்டு ஆஃப்டர்... டீனா.

ஓஸ்வால்ட்: கேட்டியா? மூணு அடி. டம், டம், டம். அதுக்கப்புறம் மூச்சு விடு. மூச்சு விடாம பேசறவனை எவனும் கேக்க மாட்டான். அடுத்ததும் அதே மூணு சேரு. மறுபடியும் மூச்சு. அவ்வளவுதான்யா டோஸ்ட்டு.

கோவிந்தன்: ஐ லுக்டு ஆஃப்டர் டீனா. ஐ லுக்டு ஆஃப்டர் டீனா... சரியாத்தானே இருக்கு?

ஓஸ்வால்ட்: ஏக்தம் சரி.

கோவிந்தன்: சரிதான். ஆனா அண்ணா... சொல்லும்போது என்னமோ தொண்டையில முள்ளு மாதிரி... எதுவோ இடம் மாறி உக்காந்திருக்கு.

ஓஸ்வால்ட்: யாரும் மாறல. முதல்ல நீ, நடுவுல...

மௌரீன்: அண்ணா! கோவிந்தன் அண்ணா! வாங்க சீக்கிரம்! கேக்கு வெட்டியாச்சு. மைக்கு புடிக்கிறவன் உங்க பேரை ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டான். அந்த க்ளென்னு கோட்டு பட்டனைப் போட்டுக்கிட்டு எழுந்துட்டாரு.

கோவிந்தன்: எழுந்துட்டாரா! அண்ணா, நீங்களும் உள்ள வாங்க.

ஓஸ்வால்ட்: நான் எதுக்கு? நான் இங்கயே அண்டா பக்கத்துல...

கோவிந்தன்: நீங்க என் கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்கலன்னா நான் வாயே திறக்க மாட்டேன்.

மௌரீன்: போங்க ஓஸி. ஒரு நாளைக்குத்தான் உள்ள நில்லுங்களேன்.

ஓஸ்வால்ட்: சரி, வரேன்... ஸ்பூனைக் குடு.

மௌரீன்: நகருங்கப்பா, வழி விடுங்க... ஓஸி, தூண் பக்கத்துல நில்லுங்க, அவருக்குத் தெரியும். ஐயோ, மைக்கைத் தலைகீழாப் புடிச்சுட்டாரு பாருங்க.

ஓஸ்வால்ட்: நேராக்கிட்டாரு. வாக்கியம் தலைகீழா ஆகாம இருந்தா சரி.

கோவிந்தன்: குட் ஆஃப்டர்நூன். ஐ ஆம் கோவிந்தன். ஐ லிவ்... டவுன்ஸ்டேர்ஸ்.

மௌரீன்: சிரிக்கிறாங்க ஓஸி.

ஓஸ்வால்ட்: நல்ல சிரிப்புதான். பேசு, பேசு...

கோவிந்தன்: ஐ லுக்டு ஆஃப்டர் டீனா.

மௌரீன்: ஏன் நிறுத்திட்டாரு?

ஓஸ்வால்ட்: மூச்சு விடறாரு.

மௌரீன்: இவ்வளவு நேரமா? அப்படியே நிக்கிறாரு ஓஸி. டீனா எழுந்திருக்கப் பாக்குறா. அந்த க்ளென்னு வேற கையை நீட்டறாரு, மைக்கைக் கேக்கறாரு...

ஓஸ்வால்ட்: இரு.

மௌரீன்: என்ன பண்றீங்க? யாரோட கிளாஸ் அது? ஸ்பூனால தட்டாதீங்க, எல்லாரும் திரும்பறாங்க!

ஓஸ்வால்ட்: டிங். டிங். டிங்.

கோவிந்தன்: நோ. சாரி. ராங் சேர். டீனா... லுக்டு ஆஃப்டர்... மீ.

மௌரீன்: மாதாவே.

கோவிந்தன்: மை வைஃப் டைடு. மை ஹவுஸ் வாஸ் டார்க். டீனா ஸ்டூட் அட் த கேட். எவ்ரி ஈவினிங். ஸ்மால் கேர்ள். ஷி டுக் மை டிஃபன் கேரியர். ஷி ஸெட், "வொய் லேட்?" ஸோ... ஐ கேம் ஹோம்.

மௌரீன்: டீனா அழறா. அந்தப் பெரியப்பா உக்காந்துட்டாரு, கண்ணாடியைக் கழட்டறாரு பாருங்க.

ஓஸ்வால்ட்: ஷ்ஷ்.

கோவிந்தன்: ஷெர்வின். ஷி வில் ஸ்டாண்ட் அட் யுவர் கேட். யூ கம் எர்லி. தட்ஸ் ஆல். ப்ளீஸ்... ரெய்ஸ் த கிளாஸ்.

மௌரீன்: ஓஸி, கைதட்டறாங்க. நீங்களும் தட்டுங்க... ஏன், கண்ணு கலங்குது?

ஓஸ்வால்ட்: வெங்காயம். மூட்டை பக்கத்துல ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்.

கோவிந்தன்: அண்ணா! அப்பப்பா... விடவே மாட்டேங்கிறாங்கண்ணா. ரெண்டு பஸ்ஸு ஆளும் வரிசையில நின்னு கை குடுத்தாச்சு. அந்த க்ளென்னு கட்டிப் புடிச்சுக்கிட்டு, அடுத்து அவரு பொண்ணு கல்யாணத்துக்கும் மங்களூர் வந்து நான்தான் பேசணுமாம்!

ஓஸ்வால்ட்: நான் அப்பவே சொன்னேன். மூணு சேரு.

கோவிந்தன்: மாத்தி உக்கார வச்சுட்டேன்ல? நின்னுக்கிட்டே யோசிச்சேன். முதல் சேர்ல நான் உக்காந்திருந்ததுதான் முள்ளு. ஆனா நீங்க அந்த கிளாஸைத் தட்டலன்னா அங்கயே விழுந்திருப்பேன். மௌரீனக்கா, கண்டோன்மெண்ட்லயே பெரிய டோஸ்ட்டு மாஸ்டரை வீட்டுல வச்சிருக்கீங்க. எத்தனை கல்யாணத்துல பேசுன அனுபவம்!

மௌரீன்: யாரு பேசுனது?

கோவிந்தன்: அண்ணாதான். நீங்கதானே காலைல கோயில்ல சொன்னீங்க, "எங்க வீட்டுக்காரர் நிறைய கல்யாணம் பாத்தவரு, அவர்கிட்ட கேளுங்க"ன்னு.

மௌரீன்: பாத்தவருன்னுதான் சொன்னேன். இவரு எங்கண்ணா பேசுனாரு? மைக்கைத் தொட்டதே இல்ல. கல்யாண பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவரு.

கோவிந்தன்: டிரம்ஸா?... அதான் ஸ்பூனை வச்சுக்கிட்டு... சரி, டிரம்ஸா இருந்தா என்ன? மைக்குக்குப் பின்னாடியே உக்காந்து எல்லா டோஸ்ட்டையும் கேட்டிருப்பாரு. அந்தக் கேள்வி ஞானம்...

மௌரீன்: எங்க கேட்டாரு? டோஸ்ட்டு நேரத்துல டிரம்ஸுக்கு வேலை இல்ல. ஒருத்தர் மைக்கைப் புடிச்சா போதும், இவரு குச்சியைக் கீழ வச்சுட்டு நேரா பின்பக்கம் அண்டாகிட்ட வந்துடுவாரு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சாப்பிட. இத்தனை வருஷத்துல இவரு முழுசா நின்னு கேட்ட முதல் டோஸ்ட்டு நீங்க சொன்னதுதான்.

கோவிந்தன்: அண்ணா... அப்ப அந்த கர்னலு?

ஓஸ்வால்ட்: இந்த ஸ்பூனைத் திருப்பி வைக்கணும், எங்க இருந்து எடுத்தேன்?

கோவிந்தன்: எருமை?

ஓஸ்வால்ட்: எருமையைப் பத்தி நிதானமா பேசலாம் கோவிந்தா. வெறும் வயித்துல பேசற விஷயமில்ல அது. மௌரீன், ப்ளேட்டு ஒண்ணு ஓரமா வைக்கச் சொன்னேனே, எங்க?

மௌரீன்: அதையும் யாரோ எடுத்துட்டாங்க. பிரியாணி ஒரு பருக்கைகூட இல்லாம தீந்துபோச்சு ஓஸி.